கிளட்ச் கவ்வும் இடம்

மெல்லத்தான் நகர்கிறது. நல்லது. பெருவிரலை இன்னும் கொஞ்சம் அழுத்துகிறேன், பனியில் ஓடுகிற இந்த மெசின் முனகிக்கொண்டு கரைச் சரிவில் இறங்கி உறைந்த ஏரியின் மேல் ஏறுகிறது, உதறல் இல்லை, வெட்டியிழுப்பு இல்லை, என் இடுப்பைச் சுற்றியிருக்கிற இவருடைய கைகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இருக்கின்றனவா? இருக்கின்றன. தடித்த ஜாக்கெட்டுக்கு மேலே தடித்த கையுறை, அதற்குள்ளே மெலிந்துபோன விரல்கள், எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறார் என்று எப்படித் தெரியும், ஒரு பாரம் மட்டும் தெரிகிறது, வயிற்றில் பூனை படுத்திருக்கிற மாதிரி ஒரு சின்னப் பாரம். அது போதும். அந்தப் பாரம் இருக்கும்வரை இவர் இருக்கிறார். போன செவ்வாய்க்கிழமை வரைக்கும் இருக்கையின் இரண்டு பக்கமும் இருக்கிற பிடிகளைத்தான் பிடித்துக்கொண்டு வருவார், அதனால் எனக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது, இன்றைக்கு ஹெல்மெட்டைப் பூட்டிவிடும்போது நான் சொன்னேன், பிடியை விடுங்கோ, என்னைப் பிடியுங்கோ என்று. ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் குளிர் என்றோ காற்று என்றோ ஏதாவது சொல்லியிருப்பேன். ஒன்றும் கேட்காமல் இரண்டு கையையும் சுற்றிப்போட்டார், இடது கையை மட்டும் கொஞ்சம் தள்ளி, மெதுவாக, அந்தக் கையில்தான் டயாலிசிஸ் ஊசி ஏற்றுகிற நரம்பு, அதை எதிலும் அழுத்தக்கூடாது. ஆகவே வலது கைதான் பிடி. ஒரு கைப்பிடி. ஒரு கைப்பிடி வழுவுவதற்கு எவ்வளவு நேரம் வேண்டும். அதுவாக வழுவுவதற்கு ஒரு நேரம், விடுவதற்கு ஒரு நேரம், இரண்டுக்கும் வித்தியாசம் என் வயிற்றுக்குத் தெரியுமா.

இதைத்தான் நினைக்கக்கூடாது என்று வைத்திருந்தேன். வழியைப் பார். இந்த வருடம் ஐஸ் மெல்லிசு, கார்கள் போகிற பாதையை ஊராட்சி திறக்கவில்லை, இந்த மாதிரி ஸ்னோமொபைல் மட்டும்தான் போகலாம், வழி தெரிய ஊசியிலை மரக் கொப்புகளை வெட்டி வரிசையாக நட்டிருக்கிறார்கள், ஒரு கொப்பு தெரியும்போது அடுத்ததைத் தேட வேண்டும். மேலேயும் சாம்பல், கீழேயும் சாம்பல். அக்கரையில் ஆஸ்பத்திரி வான் காத்து நிற்கும், அதில் ஏறி நகரத்துக்குப் போக வேண்டும், கிழமைக்கு மூன்று தரம். பிருந்தா ஒவ்வொரு முறை போன் எடுக்கும்போதும் சொல்கிறாள், அம்மா, அந்தக் கடையை மூடிப்போட்டு ரெண்டு பேரும் இஞ்சை ஸ்காபரோவுக்கு வாங்கோ, வீட்டுக்குப் பக்கத்திலேயே டயாலிசிஸ் இருக்கு, நடந்து போகலாம். இவர் போனை வாங்கி, பாப்பம் பிள்ளை, என்பார். பாப்பம் என்றால் இல்லை என்று அவளுக்கும் தெரியும். மீன்பிடிக்க வருகிறவர்களுக்குத் தூண்டில் இரையும் கோப்பியும் விற்கிற ஒரு கடை, பின்னால் இரண்டு அறை வீடு, அதில் என்ன இருக்கிறது என்று முன்பு நானும் சண்டை பிடித்திருக்கிறேன். ரொறொன்ரோவில் தொழிற்சாலையில் நின்ற காலமெல்லாம் இவர் வாய் திறந்து ஒருவரோடும் கதைத்ததில்லை, இங்கே வந்த பிறகுதான் தர்மகுலசிங்கம் என்ற மனிசன் சிரிக்கிறதை நான் வடிவாகப் பார்த்தேன். இங்கே எல்லோருக்கும் இவர் சிங். சிங், இரை இருக்கா. சிங், ஐஸ் எவ்வளவு தடிப்பு. ஏதோ பிறந்ததிலிருந்து ஐஸின் மேல் நடந்தவர் மாதிரி பதில் சொல்வார்.

பாரம் இருக்கிறது. அசையவில்லை. நித்திரையாகிவிட்டாரோ, நித்திரையானாலும் கை நழுவும். வேகத்தைக் குறைக்கிறேன், மறுபடி அழுத்துகிறேன், மெசின் பிடிக்கிறதும் விடுகிறதும் தெரியாமல் போகிறது, பழைய நாட்களில் போன மாதிரி. பழைய நாட்கள் என்றால் டர்போ போடுவதற்கு முந்தின நாட்கள். அப்போது எனக்கு இந்த மெசினில் பயமே இல்லை. இவர்தான் பழக்கினார். இதிலே கியர் இல்லை சறோ, இந்தச் சின்ன நெம்புகோலைப் பெருவிரலாலை அழுத்து, எஞ்சின் சுத்துறது கூடக் கூடக் கிளட்ச் தானாக மூடி பெல்ட்டைக் கவ்வும், கவ்வினாப் பிறகுதான் கீழே பனியிலை ஓடுற பட்டை சுத்தும், அந்தக் கவ்வுற இடம் எது எண்டு உன்ரை விரலுக்குப் பழகவேணும், அவ்வளவுதான். பழகியது. ஒரு கிழமைக்குள் பழகியது. அரிசி கழுவுகிற மாதிரி, யோசிக்காமல் விரலே அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடும், மெல்ல அழுத்தினால் மெல்ல நகரும். பிறகு ஒரு இலையுதிர்காலம் முழுக்க இவரும் லோரியும் லோரியின் கொட்டகையில் அதைப் பிரித்துப் போட்டார்கள். லோரி இந்தக் கரையில் மெசின் திருத்துகிற பெண், உரத்துச் சிரிக்கிறவள், இவரைத் தோளில் தட்டிக் கதைக்கிற ஒரே ஆள். சாமான் ஏற்றின சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு ஈரப் பனியில் வரும்போது மெசின் திணறுகிறது, டர்போ போட்டால் இழுக்கும் என்றார். அது ஒரு சாட்டு. ஆசைதான். அறுபது வயசு ஆகப்போகிற மனிசனுக்கு வேகத்தில் ஆசை. கறுத்த கையோடு வந்து சாப்பாட்டு மேசையில் இருந்து, காற்றை அமத்தி எஞ்சினுக்குள்ளே ஊதுறது, அதான் விசயம், என்று ரசத்தை ஊதி ஊதிக் காட்டினார். சிரித்தேன். அந்தச் சிரிப்பு முடிந்து கொஞ்ச நாளில்தான் கால் வீங்கத் தொடங்கியது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் டர்போவை நினைத்தால் வீங்கின காலும், அதிலே விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறதும் சேர்ந்து வருகிறது.

டர்போ போட்ட பிறகு மெசின் வேறு மெசின். அழுத்துவேன், ஒன்றும் நடக்காது. இன்னும் அழுத்துவேன், எஞ்சின் கத்தும், நகராது. சரி, ஏதோ பழுது என்று நினைக்கிற நேரத்தில் முழுவதும் ஒரேயடியாகக் கவ்வும், முன்பக்கம் எழும்பும், தலை பின்னுக்குப் போகும், அதற்குள் நாலு வீட்டுத் தூரம் போயிருக்கும். என் விரல் பழகிய இடம் காணாமல் போய்விட்டது. அது அப்பிடித்தான் வேணும், என்றார், டர்போ காற்றை நிறைக்கும் மட்டும் எஞ்சினுக்கு அடியிலை வலு இல்லை, அதுக்கு முந்திக் கிளட்ச் கவ்வினால் திணறும், அதான் விறைப்பான ஸ்பிரிங் போட்டு, பிந்திக் கவ்வ வைச்சிருக்கு. விளங்கியது. எனக்கென்ன, ஓட்டுகிறவர் அவர், நான் கடையில் நிற்கிறவள். பிறகு ஓட்டுகிறவள் நானாகிவிட்டேன். போன மாரிக் குளிரிலிருந்து நான் முன்னே, இவர் பின்னே. முதுகு சாய்க்கிற பலகையும் இல்லை, சாமான் கட்டுவதற்காக எப்போதோ இவரே கழற்றி எறிந்தது. ஒவ்வொரு முறை வெளிக்கிடும்போதும் அந்த உதறலுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு, பிடிச்சிருக்கிறீங்களோ, என்று கத்துவேன். ஓம், என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வரும். டர்போவைக் கழற்றுவோமா என்று கேட்க வாய் வரும், கேட்க மாட்டேன். இவர் கையால் செய்த கடைசி வேலை அது. அதற்குப் பிறகு இந்தக் கையால் ஒரு ஆணி அடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை. நினைக்காமல் இந்த ஏரியைக் கடக்க முடியாது என்றால் நினைத்துத்தான் கடக்க வேண்டும். நடு ஏரியில் ஐஸ் பாளங்கள் ஒன்றையொன்று நெருக்கி வரப்பு மாதிரி எழும்பி நிற்கிற இடம் இருக்கிறது, அங்கே நிற்பாட்டி, அடியில் தண்ணீர் கசிகிறதா என்று பார்த்துத்தான் தாண்ட வேண்டும். நிற்பாட்டினேன். பார்த்தேன். ஏறினேன். பிடிச்சிருக்கிறீங்களோ. ஓம். அந்த ஓம் எனக்குக் கேட்டது. அழுத்தினேன், கத்தியது, கவ்வியது, பாய்ந்தது, போனேன். போய்க்கொண்டே இருந்தேன். கத்தரிக்காய் வாடிக் கிடக்கிறதே, வந்து அதைப் பொரிக்கவோ, உப்பில்லாமல் பொரித்தால் சாப்பிடுவாரோ, டொக்டர் தக்காளி வேண்டாம் என்றாரே என்று இவரோடுதான் மனதுக்குள் கதைத்துக்கொண்டு போனேன். எவ்வளவு தூரம் என்று தெரியாது. பின்னால் ஆள் இல்லாமல் போன மெசின் இலேசாக ஓடவில்லையா, திரும்பும்போது வித்தியாசம் தெரியவில்லையா. தெரியவில்லை. இவருடைய பாரம் இருந்ததற்கும் இல்லாததற்கும் மெசினுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை, அவ்வளவு மெலிந்துபோனார். ஏதோ கேட்கத் திரும்பினேன். வெறும் இருக்கை. கறுப்பு ரெக்சீன், அதன் மேல் பனித்தூள் விழுந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்தேன். எப்படி வந்தேன் என்று தெரியாது. காற்று என்னுடைய தடத்தையே மூடிக்கொண்டிருந்தது. வரப்புக்கு இந்தப் பக்கம் பனிக்குள் இருந்துகொண்டு ஒரு கையைத் தூக்கிப் பிடித்திருந்தார். அந்தக் கை இல்லாவிட்டால் கண்டிருக்க மாட்டேன், சாம்பல் ஜாக்கெட்டும் சாம்பல் பனியும். ஓடிப்போய்த் தூக்கினேன். மெசின் உதறிப்போட்டுது, சறோ, என்றார். அந்தச் சறோதான். கலியாணம் கட்டின நாளிலிருந்து என்னை இஞ்சை என்றுதான் கூப்பிடுவார், ஏதாவது பழக்கும்போது ஒரு சறோ வரும், அல்லது ஏதாவது மறைக்கும்போது. என்ன மறைக்கிறார். ஒன்றுமில்லை, பயந்துபோனார், பயத்தில் பெயர் வரும், என்று அன்றைக்கு எனக்கு நானே சொன்னேன். ஆனால் அதற்கு முந்தின கிழமை ஆஸ்பத்திரியில், நான் கோப்பி எடுத்துக்கொண்டு வரும்போது, டொக்டரிடம் இங்கிலிசில் கேட்டுக்கொண்டிருந்தார், இதை நிற்பாட்டினால் ஒரு ஆள் எவ்வளவு காலம் இருப்பான் என்று. ஒரு ஆள். யாரோ ஒரு ஆள். டொக்டர் என்னைக் கண்டு பேச்சை நிறுத்தினார். எனக்கு விளங்காது என்று இவர் நினைக்கிறார். எனக்கு இங்கிலிஸ் பேச வராது, கேட்டால் விளங்கும், இவ்வளவு வருடமாகக் கடையில் நிற்கிறேன். கோப்பியைக் கொடுத்தேன். சீனி போட்டதோ, என்று கேட்டார். போட்டது, என்றேன். அதோடு அந்தக் கதை முடிந்தது. முடிந்ததா. அன்று தொடங்கி ஒவ்வொரு நாளும் ஏதோ சொல்ல வாயெடுப்பார், நான் அடுப்படிக்குப் போய்விடுவேன், அல்லது கடை மணி அடித்தது என்பேன், அடிக்காத மணி.

ஆகவே லோரியிடம் போனேன். இவர் படுத்திருந்த நேரம் மெசினை எடுத்துக்கொண்டு போய், இது மனிசனை விழுத்திப்போட்டுது, ஏதாவது செய், என்று எனக்குத் தெரிந்த இங்கிலிசில் சொன்னேன். லோரி மூடியைத் திறந்து பார்த்தாள். உதறும்தான், பெரிசாக உதறும், என்றாள். இளக்கமான ஸ்பிரிங் போட்டால் முந்திக் கவ்வும், மெல்ல வெளிக்கிடும், ஆனால் டர்போவின் பாய்ச்சல் குறையும், சிங் கண்டுபிடித்துவிடுவான், கோபிப்பான். கோபிக்கட்டும், என்றேன். அவள் மாற்றிக்கொண்டிருக்கும்போது நான் கேட்க நினைத்த கேள்வி வேறு. பிடியை இறுக்கிப் பிடித்திருக்கிற ஆளை இது விழுத்துமா. இறுக்கிப் பிடித்திருந்தால். கேட்கவில்லை. அவள் ஓம் என்றால் நிம்மதி, இல்லை என்றால் என்ன செய்வது. இப்போது மெசின் உதறாது. இனி இவர் விழுந்தால் அது மெசின் இல்லை. இதைச் சரிசெய்வதாக நினைத்து என்ன செய்திருக்கிறேன் நான். ஒரு சாட்டை எடுத்துவிட்டேன். இவருக்கும் எனக்கும் இருந்த ஒரேயொரு சாட்டு.

இவருக்குத் தெரிந்திருக்கும். கரையிலிருந்து இறங்கியபோதே தெரிந்திருக்கும், எஞ்சின் சத்தத்தில் ஒரு மயிரிழை மாறினாலும் கடைக்குள் இருந்துகொண்டே சொல்கிறவர். ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை. வரப்பு வருகிறது. தூரத்தில் நீலமாக, உடைந்த கண்ணாடி குவித்த மாதிரி. விரலை எடுக்கிறேன், மெசின் தானாக வேகம் குறைந்து நிற்கிறது, எஞ்சின் மெல்லத் துடித்துக்கொண்டிருக்கிறது. இறங்க வேண்டும், தண்ணீர் பார்க்க வேண்டும், இறங்கினால் அந்தக் கைகளை நானே எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் இருக்கிறேன். காற்று ஹெல்மெட்டில் பனித்தூளை அடிக்கிறது.

"ஸ்பிரிங்கை மாத்திப்போட்டாய்," என்கிறார் பின்னாலிருந்து.

"ஓம்."

"லோரியோ?"

"ஓம். நான்தான் கேட்டனான். கோபமோ?"

"கோபமில்லை. நல்லாத்தான் போகுது."

எஞ்சினை நிற்பாட்டுகிறேன். நிற்பாட்டக்கூடாது, இந்தக் குளிரில் மறுபடி எடுக்காமல் போகலாம், ஆனாலும் நிற்பாட்டுகிறேன். அந்தச் சத்தம் போனதும் ஏரி எவ்வளவு பெரியது என்று தெரிகிறது. எங்கோ அடியில் ஐஸ் நீளமாக உறுமி ஓய்கிறது. இவருடைய மூச்சு என் தோளுக்குப் பின்னால் கேட்கிறது. இப்போது அடிக்காத மணி ஒன்றும் கிடையாது, போவதற்கு அடுப்படியும் கிடையாது.

"அண்டைக்கு," என்கிறார், நிற்கிறார். பிறகு, "அண்டைக்கு மெசின் உதறேல்லை. உதறினதுதான், ஆனால் நான் பிடியைப் பிடிக்கேல்லை."

"தெரியும்."

"தெரியுமோ?"

தெரியுமா. இந்த நிமிடம் வரைக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். வாய் முந்திச் சொல்லிவிட்டது. கோபம் வரும் என்று நினைத்தேன், என்னைத் தனியே ஓட்டிக்கொண்டு போகவிட்டீரே, கத்தரிக்காயைப் பற்றி வெறும் இருக்கையோடு கதைத்துக்கொண்டு போகவிட்டீரே என்று கத்துவேன் என்று நினைத்தேன், வரவில்லை. வருகிறது ஒரு கேள்விதான்.

"பிடியை விட்டனீங்கள். சரி. பிறகு ஏன் எழும்பியிருந்து கையைத் தூக்கினனீங்கள்?"

கைகளை எடுத்துவிடுவாரோ என்று பார்க்கிறேன். எடுக்கவில்லை.

"பனிக்குள்ளை கிடந்து பாத்தன். குளிரேல்லை. நல்லாயிருந்துது. அப்ப உன்ரை சத்தம் கேட்டுது, திரும்பி வாற சத்தம். நீ என்னைக் காணாமல் தாண்டிப் போயிடுவாய் எண்டு பயமாக்கிடந்தது."

நான் திரும்பி இவரைப் பார்க்கவில்லை. ஹெல்மெட்டோடு திரும்பினாலும் ஒன்றும் தெரியாது, கண்ணாடி முழுக்க மூச்சுப் படிந்திருக்கும். முன்னாலே பார்த்துக்கொண்டு இருக்கிறேன். மூக்கு ஒழுகுகிறது, துடைக்க முடியாது.

"எனக்கு இது போதும் சறோ. இந்த ஊசியும் வானும். நான் சொல்ல வாற நேரமெல்லாம் நீ எழும்பிப் போறாய்."

"இப்ப போகேல்லைத்தானே."

"இல்லை."

"பிருந்தாவுக்கு நான் சொல்லமாட்டன். நீங்கள்தான் சொல்லவேணும்."

"சொல்லுறன்."

"இண்டைக்கு வான் நிக்குது. இண்டைக்குப் போவம். வரேக்கை இதிலை நிப்பாட்டுவன், நீங்கள் சொல்லுங்கோ, நான் கேக்கிறன். முழுக்கக் கேக்கிறன். பிறகு நானும் சொல்லுவன், அதை நீங்கள் கேக்கவேணும்."

"சரி."

இறங்குகிறேன். கைகளை நானே எடுத்து இவருடைய மடியில் வைக்கிறேன், கடையில் கண்ணாடிச் சாமானை வைக்கிற மாதிரி. வரப்பருகே போய்க் காலால் பனியைத் தள்ளிப் பார்க்கிறேன், தண்ணீர் இல்லை, ஐஸ் கறுப்பாக, உறுதியாக இருக்கிறது. திரும்பி வரும்போது இவர் அங்கேயே இருக்கிறார், குனிந்து, என்னையே பார்த்துக்கொண்டு. ஓடிப்போகிற இடமா இது. ஆனாலும் திரும்பும்வரை என் முதுகு கூசியது.

"முன்னுக்கு வாங்கோ," என்கிறேன்.

"என்ன?"

"நீங்கள் ஓட்டுங்கோ. நான் பின்னாலை இருக்கிறன்."

"எனக்கு எங்கை வலு."

"வலது கைப் பெருவிரலுக்கு வலு இருக்குத்தானே. அது காணும். பிரேக்கிலை நான் கை வைக்கிறன்."

முன்னுக்கு நகர்வதற்கே களைத்துப்போகிறார். பின்னால் ஏறி இரண்டு பக்கமும் என் கைகளைக் கொண்டுபோய், இடது கையைப் பிரேக்கில் வைத்து, வலது கையை இவருடைய கைக்குப் பக்கத்தில் பிடியில் வைக்கிறேன். இவருடைய முதுகு என் நெஞ்சில் படுகிறது, ஜாக்கெட்டுக்குள்ளே தோள் எலும்புகள் தெரிகின்றன. இனி இந்த மனிசன் எந்தப் பக்கம் சரிந்தாலும் என் மேல்தான் சரிய வேண்டும். அதனால் என்ன ஆகிவிடப்போகிறது. வருகிற மாரியில் இந்த இருக்கையில் யார் இருப்பார்கள் என்று எனக்குத் தெரிகிறது, நினைக்காமல் விடப்போவதில்லை, இனி அதையும் நினைத்துத்தான் ஆகவேண்டும். சாவியைத் திருப்புகிறேன். எடுக்கவில்லை. மறுபடி. இருமுகிறது, அடங்குகிறது. மூன்றாம் முறை எடுக்கிறது. இவர் தலையை ஒரு பக்கம் சரித்து எஞ்சினைக் கேட்கிறார், கொட்டகையில் கேட்கிற மாதிரி. பிறகு பெருவிரலை அழுத்துகிறார். மெல்ல, மிக மெல்ல. எங்கே பார்த்தாலும் சாம்பல், பக்கத்தில் ஒரு கொப்பும் இல்லை, வரப்பு எங்களை நெருங்கி வருவது, குனிந்து எஞ்சினையே கேட்கிற இவருக்குத் தெரியாமல், எனக்கு மட்டும்தான் தெரிகிறது.

"வெளிக்கிட்டிட்டுதோ?" என்று கேட்கிறார்.

"ஓம்," என்கிறேன், "போய்க்கொண்டிருக்கிறம்."